கல்வெட்டில் அதிரசம், கைப்பேசியில் அதிரசம்

சமையல் குறிப்பு ஒன்று பயன்படுவதற்கு மூன்று செய்திகள் போதும்: என்னென்ன பொருள்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு, எந்த வரிசையில் எந்தப் பதம் வரை. இம்மூன்றும் ஓர் அஞ்சலட்டையில் அடங்கிவிடும். ஆயினும், கைப்பேசியில் ‘அதிரசம்’ என்று தேடுபவர் தீபாவளியின் பெருமை, வெல்லத்தின் மருத்துவக் குணம், எழுதியவரின் பாட்டியைப் பற்றிய நினைவு, இவற்றுக்கு ஊடே ஊடே விளம்பரங்கள் என்று நீளும் பக்கத்தைக் கடந்த பிறகே வெல்லத்தின் அளவைக் காண்கிறார். சில வேளைகளில் அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் ‘தேவையான அளவு’ என்ற சொற்களே அவருக்குக் கிடைக்கின்றன. இந்த நீட்சி எங்கிருந்து வந்தது, அதை விலக்கி அளவை மட்டும் எடுப்பது எப்படி என்பவற்றை விளக்குவதற்கு, நீட்சியே இல்லாத சமையல் குறிப்புகளைப் பல நூற்றாண்டுகளாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கும் ஒரு வட்டாரத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

அவ்வட்டாரம் திருப்பதியைச் சூழ்ந்தது. அதற்குள் அடங்கியது நாராயணவனம். புத்தூருக்கு அருகில் அருணா நதிக்கரையில் அமைந்த இவ்வூர், சோழர்களுக்கு அடங்கிய சிற்றரசர்களாக இருந்து பின்னர்த் திருமலைக் கோயிலின் புரவலர்களாக விளங்கிய யாதவராயர்களின் தலைநகராகக் கருதப்படுகிறது. ஆகாசராசனின் மகளாகிய பத்மாவதிக்கும் வேங்கடவனுக்கும் திருமணம் நடந்தது இங்கேதான் என்பது தலபுராணம். அத்திருமணத்திற்கு மாவரைத்ததாகச் சொல்லப்படும் பெரிய கல் திரிகை ஒன்று கல்யாண வெங்கடேசுவரர் கோயிலில் இன்றும் காட்டப்படுகிறது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அப்பக்கம் சென்று, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கும் இவ்வூரையும் இதன் சுற்றுப்புறங்களையும் சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் கைப்பேசியில் ஆங்கில எழுத்துமாக வாழ்கின்றன. சமையல் குறிப்பு தேடும் வேலையை இந்த மும்மொழி நிலை எவ்வாறு பாதிக்கிறது என்பது பின்னர் விளக்கப்படும்.

திருமலையிலும் கீழ்த் திருப்பதியிலும் உள்ள கோயில் சுவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. திருமலைக் கோயிலை நிருவகிக்கும் தேவஸ்தானத்தின் கல்வெட்டு ஆய்வாளராகிய சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் அறிக்கை 1930இல் வெளிவந்தது. அதையடுத்துக் கல்வெட்டுகளின் மூலங்களும் தொகுதி தொகுதியாக அச்சேறின. இவற்றைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு முதலில் வியப்பளிப்பது, போர் வெற்றிகளையும் அரச வரிசைகளையும்விட உணவைப் பற்றிய செய்திகளே மிகுந்திருப்பதாகும். பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில், அதாவது சாளுவ நரசிம்மர் முதல் சதாசிவராயர் வரையிலான விசயநகர ஆட்சிக் காலத்தில், இவை பெருகி வளர்ந்தன. அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி, தோசைப்படி என்று வரும் தொடர்களில், ‘படி’ என்பது ஒரு முறை செய்து படைக்க வேண்டிய நிலையான அளவைக் குறிக்கும். ஒவ்வொரு படிக்கும் அரிசி இவ்வளவு, நெய்யமுது இவ்வளவு, சர்க்கரையமுது இத்தனை பலம், மிளகமுது இவ்வளவு என்று பொருளும் அளவும் அடுத்தடுத்து வரும். இறைவனுக்குரிய பொருள் என்பதால் ஒவ்வொன்றின் பெயரோடும் ‘அமுது’ சேர்க்கப்பட்டது. வெற்றிலைகூட இலையமுது ஆயிற்று.

இப்பட்டியல்களில் வரும் நாழி, உழக்கு, ஆழாக்கு ஆகியவை முகத்தல் அளவைகள். எட்டு ஆழாக்கு ஒரு நாழி, எட்டு நாழி ஒரு மரக்கால். பலம் என்பது நிறுத்தல் அளவை. மரக்கால் ஊருக்கு ஊர் மாறுபட்டதால், எந்த மரக்கால் என்பதையும் குறிப்பிட வேண்டியிருந்தது. திருமலையில் அது ‘மலைகினியநின்றான்’ என்ற பெயர் தாங்கிய மரக்கால். இன்றைய இணையக் குறிப்புகளில் ‘ஒரு கப்’ என்று மட்டும் எழுதிவிட்டு எந்தக் கப் என்று சொல்லாமல் விடுவதோடு இதை ஒப்பிட்டால், ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கர் எவ்வளவு முன்னெச்சரிக்கை உடையவராக இருந்தார் என்பது புலப்படும்.

இந்தச் சுருக்கத்துக்குக் காரணம் கல்லில் இடம் போதாமையோ உளியின் உழைப்போ மட்டுமன்று. அதே கல்வெட்டுகளின் தொடக்கத்தில் அரசரின் விருதுப் பெயர்களும் ஆண்டு, மாதம், பட்சம், திதி, நட்சத்திரம் ஆகியவையும் தாராளமாகவே வெட்டப்பட்டுள்ளன. முதலாம் இராசராசன் காலம் முதல் சோழர் கல்வெட்டுகளின் தலையில் அமர்ந்திருக்கும் மெய்க்கீர்த்தி, அதாவது அரசனின் வெற்றிகளைப் பாடும் நீண்ட முன்னுரை, கொடை எவ்வளவு என்று மட்டும் தெரிந்துகொள்ள விரும்பும் வாசகரை இன்றைய சமையல் பக்கத்தின் முன்னுரையைப் போலவே காக்க வைக்கிறது. ஆனால் கொடைப் பகுதிக்கு வந்தவுடன் அலங்காரம் முற்றிலும் நின்றுவிடுகிறது. அதிரசம் சுவையானது என்று ஒரு கல்வெட்டும் சொல்வதில்லை.

ஏனெனில் அந்தப் பட்டியல் ஓர் ஒப்பந்தத்தின் பகுதி. கொடையாளர் ஒருவர் கோயிலுக்குப் பணமோ ஊரோ கொடுப்பார். அப்பணத்தைக் கொண்டு கோயில் ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டி, அதனால் பெருகும் விளைச்சலிலிருந்து அவர் பெயரால் நாள்தோறும் அல்லது திருவிழா நாள்களில் இன்னின்ன உணவு படைக்கப்படும் என்று கோயில் நிருவாகிகளாகிய ஸ்தானத்தார் எழுதிக் கொடுப்பர். பொருள்களை அளந்து கொடுப்பது ஸ்ரீபண்டாரம் எனப்பட்ட கருவூலம், சமைப்பது திருமடைப்பள்ளி. படைத்தபின் அவ்வுணவில் நான்கில் ஒரு பங்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்ற பெயரில் கொடையாளருக்கே திரும்பி வரும். அப்பங்கை அவர் பிறருக்கு அளிக்கவும் விற்கவும் உரிமை இருந்தது. நெய்யில் ஓர் உழக்குக் குறைந்தாலும் யாருக்கோ இழப்பு, யாரோ பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் முடிவில் கோயில் கணக்குத் திருநின்ற ஊருடையானின் எழுத்து என்று பொறுப்பாளரின் பெயரோடு ஆவணம் நிறைவடைகிறது. எழுதுபவர், சமைப்பவருக்கும் உண்பவருக்கும் நேரடியாகக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டிருந்தால் குறிப்பு சுருங்கித் தெளிவாகிறது. அவர் வேறு யாருக்கோ, எடுத்துக்காட்டாக விளம்பரதாரருக்கு, கணக்குச் சொல்ல வேண்டியிருந்தால் அது நீள்கிறது. இணையச் சமையல் பக்கங்களின் நோயும் மருந்தும் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியுள்ளன என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இப்பழக்கம் திருமலைக்கு மட்டும் உரியதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் அம்பாசமுத்திரக் கோயிலுக்கு அளித்த கொடையைக் கூறும் கல்வெட்டு, நாள் வழிபாட்டுக்குரிய சோறு, நெய், பருப்பு, கறி வகைகள் ஆகியவற்றை வேளைவாரியாகப் பிரித்துக் கூறுவதோடு, கறிக்குச் சேர்க்கும் காயம் எனப்பட்ட மிளகு, மஞ்சள், சீரகம், சிறுகடுகு, கொத்தமல்லி ஆகியவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மிளகாய் தமிழகத்துக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய மசாலைப் பட்டியல் இது.

கல்வெட்டு மரபின் நேரடி வாரிசு, திருமலை மடைப்பள்ளியில் இன்றும் நடைமுறையில் உள்ள ‘திட்டம்’. ஒரு பிரசாதத்துக்கு எந்தப் பொருள் எவ்வளவு என்று தேவஸ்தானம் முடிவுசெய்து வைத்திருக்கும் அளவுப் பட்டியலே திட்டம். தமிழ்நாட்டுக் கோயில்களில் இதைப் படித்தரம் என்பர். லட்டுக்கான திட்டம் 1950இல் வகுக்கப்பட்டு, பின்னர்ப் பல முறை மாற்றப்பட்டு, 2001இல் திருத்திய வடிவம் பெற்றது. அதன்படி 5,100 லட்டுகளுக்குப் பசுநெய் 165 கிலோ, கடலை மாவு 180 கிலோ, சர்க்கரை 400 கிலோ, முந்திரி 30 கிலோ, உலர்திராட்சை 16 கிலோ, கற்கண்டு 8 கிலோ, ஏலக்காய் 4 கிலோ ஆகியவை தேவை. ஒரு படிக்கு 51 லட்டு என்ற கணக்கில் இது 100 படி ஆகும். உலகெங்கும் பெயர் பெற்று, 2009இல் புவிசார் குறியீடும் அடைந்த ஓர் இனிப்பின் குறிப்பு ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது.

இந்தப் பட்டியலின் மதிப்பு, அதைக் கணக்கிட்டுச் சோதிக்க முடியும் என்பதில் இருக்கிறது. ஏழு பொருள்களையும் கூட்டினால் 803 கிலோ. அதை 5,100ஆல் வகுத்தால் லட்டு ஒன்றுக்கு ஏறத்தாழ 157 கிராம் மூலப்பொருள், அதில் மாவு 35 கிராம், நெய் 32 கிராம், சர்க்கரை 78 கிராம். மாவைப் போல் இரு மடங்குக்கும் மேலாகச் சர்க்கரை, மாவுக்கு ஏறக்குறைய சமமாக நெய் என்ற விகிதம் தெரிந்துவிட்டால், வீட்டுக்கான அளவை யாரும் தாமே கண்டுகொள்ளலாம். எல்லாவற்றையும் 500ஆல் வகுத்தால், கடலை மாவு 360 கிராம், சர்க்கரை 800 கிராம், நெய் 330 கிராம், முந்திரி 60 கிராம், திராட்சை 32 கிராம், கற்கண்டு 16 கிராம், ஏலக்காய் 8 கிராம் என்று பத்து லட்டுக்கான அளவு வந்துவிடுகிறது. பூந்தியைப் பொரிப்பதற்கு வாணலியில் ஊற்ற வேண்டிய நெய் மட்டும் வீட்டில் இதைவிடக் கூடுதலாக வேண்டியிருக்கும். திட்டம் செலவாகும் நெய்யைக் கணக்கிடுகிறதேயன்றி, வாணலி நிரம்ப வேண்டிய நெய்யை அன்று.

திட்டம் சொல்லாமல் விட்டவையும் உள்ளன. மாவைக் கரைக்கும் பதம், பூந்திக் கரண்டியின் துளை அளவு, பாகைக் கம்பிப் பதத்தில் இறக்குவதா அதற்கு முன்பா, சூடு எவ்வளவு இருக்கும்போது உருண்டை பிடிப்பது என்பவற்றில் ஒன்றும் அதில் இல்லை. மடைப்பள்ளியில் பழகிய கைகளுக்கு அவை எழுதப்பட வேண்டியதில்லை. எழுதியவரும் சமைத்தவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தனர். தொலைவில் இருக்கும் முதல்முறைச் சமையலாளருக்கோ, பட்டியலைவிட இவையே முதன்மையானவை. எனவே வெட்டிப் பேச்சு என்று ஒதுக்க வேண்டியதையும் ஒதுக்கக் கூடாததையும் பிரித்தறிவது தேவையாகிறது. அதிரசத்தையே எடுத்துக்கொண்டால், ஊறவைத்து நிழலில் உலர்த்திய பச்சரிசியைக் கையில் ஈரம் தெரியும்போதே இடிக்க வேண்டும், பாகைத் தண்ணீரில் விட்டால் உருட்டுவதற்கு இசைந்து நிற்க வேண்டும், மாவு ஒரு நாளேனும் புளிக்க வேண்டும், தீ மெலிந்திருக்க வேண்டும் என்பவை எவ்வளவு நீளமாக எழுதப்பட்டாலும் மிகையாகா. பாகு முற்றினால் அதிரசம் கல்லாகும், இளகினால் எண்ணெயில் பிரிந்து கரையும் என்று காரணம் சொல்லும் வாக்கியம், குறிப்பின் உயிர்நிலை. அதிரசம் எந்த மன்னனுக்குப் பிடித்தது என்பது அவ்வாறானதன்று.

அளவுப் பட்டியல், செய்முறை விளக்கம் ஆகிய இரண்டையும் அச்சு யுகம் ஓரளவு இணைத்தது. 1951இல் முதல் பாகம் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’, தாயிடமோ மாமியாரிடமோ அருகிருந்து கற்கும் வாய்ப்பில்லாத பெண்களுக்காக, பொருள்களையும் ஆழாக்கு, படி முதலிய அளவுகளையும் முறையையும் வரிசையாகக் கூறிச் செல்லும் நூல். நூலை விலைகொடுத்து வாங்கியவர்தான் அதைக் கொண்டு சமைக்கவும் போகிறவர். குறிப்பு தவறினால் நூலின் பெயர் கெடும். அங்கே பக்கத்தை நீட்டுவதால் ஆசிரியருக்கு யாதொரு பயனும் இல்லை. மாறாகத் தாள் செலவுதான் ஏறும்.

இணையத்தில் இந்தக் கணக்குத் தலைகீழாயிற்று. படிப்பவர் பணம் கொடுப்பதில்லை. பணம் தருவது பக்கத்தில் இடம்பெறும் விளம்பரம். 2003இல் கூகுள் தொடங்கிய ஆட்சென்ஸ் போன்ற ஏற்பாடுகளால், தனிமனிதர் எவரும் தம் பக்கத்தில் விளம்பரத்துக்கு இடம் கொடுத்து வருவாய் ஈட்ட முடிந்தது. பக்கம் நீளுந்தோறும் விளம்பரங்களுக்கு இடம் பெருகும்; அவற்றுக்கிடையே வைப்பதற்கு எழுத்து தேவைப்பட்டது. நீண்ட பக்கங்களைத் தேடுபொறி மேலே காட்டும் என்ற நம்பிக்கையும் இதோடு சேர்ந்துகொண்டது. சொற்களின் எண்ணிக்கை தரவரிசைக்கு அளவுகோல் அன்று என்று கூகுள் அலுவலர்கள் பல முறை கூறியும் அந்நம்பிக்கை போகவில்லை. காணொளியிலும் இதே கதைதான். யூடியூபில் காணொளியின் நடுவே விளம்பரம் செருகுவதற்குரிய குறைந்தபட்ச நீளம் முன்பு 10 நிமிடமாக இருந்து, 2020 சூலையில் 8 நிமிடமாகக் குறைக்கப்பட்டது. மூன்று நிமிடத்தில் காட்டி முடிக்கக்கூடிய தேங்காய்த் துவையல் எட்டு நிமிடத்தைச் சற்றே தாண்டி நிற்பதைக் காணும்போது, இந்த விதியை நினைவில் கொள்வது நல்லது.

சட்டமும் ஒரு வகையில் நீட்சிக்குத் துணைநிற்கிறது. பொருள்களின் வெறும் பட்டியலுக்குப் பதிப்புரிமை கிடையாது என்பதை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் வெளிப்படையாகவே கூறுகிறது. இந்தியாவிலும், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் காப்பது வெளிப்பாட்டு வடிவத்தையே அன்றிக் கருத்தை அன்று என்பதை உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உறுதிப்படுத்தியது. ஆகவே தம் உழைப்பை யாரேனும் அள்ளிச் சென்றுவிடுவர் என்று அஞ்சும் எழுத்தாளர், பட்டியலைச் சுற்றித் தமக்கே உரிய உரைநடையை வேலியாக எழுப்பிக்கொள்ள நேர்கிறது. இந்த அச்சம் வெறும் கற்பனையன்று. 2021இன் தொடக்கத்தில், பிறருடைய பக்கங்களிலிருந்து கதையையும் விளம்பரத்தையும் நீக்கிக் குறிப்பை மட்டும் தருவதாக அறிவித்துக்கொண்ட ‘ரெசிபீஸ்லி’ என்ற தளம், சமையல் எழுத்தாளர்களின் கடும் எதிர்ப்பால் அறிவித்த வேகத்திலேயே மூடப்பட்டது. பெரும்பாலும் பெண்கள் வீட்டிலிருந்தபடி பல முறை சமைத்துப் பார்த்து எழுதியதை எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு வருவாய் தரும் பகுதியை மட்டும் தூக்கி எறிவது நேர்மையா என்ற அவர்களின் கேள்வி எளிதில் தள்ளக்கூடியதன்று. தேடுபவரின் பொறுமையும் எழுதுபவரின் பிழைப்பும் மோதிக்கொள்ளும் இடம் இது. இதில் ஒரு தரப்பை மட்டும் குற்றவாளியாக்குவது எளிது, சரியன்று.

இரு தரப்புக்கும் ஏற்ற வழிகள் பக்கத்துக்குள்ளேயே அமைந்துள்ளன. 2011 சூனில் கூகுள், மைக்ரோசாப்ட், யாகூ ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து ‘ஸ்கீமா.ஆர்க்’ என்ற பொது ஏற்பாட்டைத் தொடங்கின. இதன்படி சமையல் பக்கத்தை எழுதுபவர், பொருள் இது, அளவு இது, சமைக்கும் நேரம் இது, எத்தனை பேருக்கு என்பவற்றைக் கணினி தனித்தனியே அடையாளம் காணுமாறு குறியிட்டு வைக்கிறார். வாசகரின் கண்ணுக்குக் கதையாகத் தோன்றும் பக்கத்துக்குள் இயந்திரத்துக்கென்று ஒரு திட்டப் பட்டியல் மறைந்திருக்கிறது எனலாம். தேடல் முடிவிலேயே படமும் நேரமும் தெரியும் குறிப்புகள் இத்தகையவை. அவற்றின் அடியில் பொருள்களும் முறையும் ஒரே கட்டத்துக்குள் இருக்கும். தொடக்கத்தில் உள்ள ‘குறிப்புக்குச் செல்க’ என்ற பொருள்படும் பொத்தான் நேரே அங்கே கொண்டுசேர்க்கும். அக்கட்டத்திலுள்ள அச்சிடும் பொத்தானை அழுத்தினால், அச்சிடாவிட்டாலும், விளம்பரம் நீங்கிய தூய பக்கம் திரையில் வந்துவிடும். உலாவிகளில் உள்ள படிப்பு நிலையும் இதே வேலையைச் செய்கிறது; ஆப்பிளின் சபாரியில் 2010 முதலே இவ்வசதி உண்டு. காணொளியாயின், ஓடவிடுவதற்கு முன் அதன் கீழுள்ள விளக்கப் பகுதியைத் திறந்து பார்ப்பது நலம். அளவு எழுதியிருந்தால் எட்டு நிமிடமும் மிச்சம்.

தேடும் சொல்லிலேயே கவனம் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். உணவின் பெயரோடு ‘கிராம்’ என்ற சொல்லைச் சேர்த்துத் தேடினால், எடையளவு தரும் பக்கங்கள் முன்னே வர வாய்ப்பு மிகுதி. எடை எழுதுபவர் பொதுவாக நிறுத்துப் பார்த்தே எழுதியிருப்பார். நாராயணவனம் போன்ற எல்லைப்புற ஊர்களில் பெயரே ஒரு சிக்கல். அவ்வட்டாரத்தின் அன்றாட உணவாகிய, சோற்றோடு கேழ்வரகு மாவு சேர்த்துக் கிண்டும் ராகி சங்கடியைத் தமிழில் ‘களி’ என்று மட்டும் எழுதித் தேடினால், வெல்லம் சேர்த்த திருவாதிரைக் களியும், உளுந்தங்களியும், வெந்தயக் களியும் சேர்ந்து வந்து நிற்கும்; ‘கேழ்வரகுக் களி’ என்றால் அரிசி சேராத வகைகளும் கலந்து வரும். ‘ராகி சங்கடி’ என்று தெலுங்குப் பெயரைத் தெலுங்கு எழுத்தில் தட்டினாலோ, பள்ளியில் தெலுங்கு படிக்கும் பிள்ளையைக் குரல்வழியில் சொல்லச் செய்தாலோ, வேண்டியது உடனே கிடைக்கும். அதிரசமும் அவ்வாறே; அங்கே அது அரிசெலு, பெரும்பாலும் மேலே எள் ஒற்றியது. சங்கடிக் குறிப்பு நல்லதா என்று அறிய ஒரே ஒரு வாக்கியத்தைத் தேடினால் போதும்: குழைந்த சோற்றின்மேல் மாவைக் குவித்தபின், கிளறாமல் மூடி, மெல்லிய தீயில் ஆவியில் வேகவிட்டு, அதன் பிறகே கோலால் கிண்ட வேண்டும் என்பது. அது இல்லாத குறிப்பு எவ்வளவு சுருக்கமாக இருந்தாலும் கட்டி தட்டிய சங்கடியையே தரும்.

விளம்பர வருவாயைச் சாராத இடங்களையும் தேடுபவர் அறிந்திருக்க வேண்டும். கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கங்கள், ஐதராபாத்தில் உள்ள இந்தியச் சிறுதானிய ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகள், மைசூரில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகள் ஆகியவற்றில், சிறுதானிய உணவுகள், ஊறுகாய், பழக்கூழ் முதலியவை அளவோடு விளக்கப்படுகின்றன. நடை வறண்டதுதான், அங்கே பாட்டி இல்லை, ஆனால் கிராம் இருக்கிறது. பழைய தமிழ்ச் சமையல் நூல்கள் சில தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் படிக்கக் கிடைக்கின்றன. அரசுப் பள்ளிகளின் மதிய உணவுத் திட்டத்தில், தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்குத் தானியம் 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம், எண்ணெய் 5 கிராம், நடுநிலை வகுப்புக்கு முறையே 150, 30, 75, 7.5 கிராம் என்று ஒன்றிய அரசு வகுத்துள்ள அளவு, ஸ்ரீபண்டாரத்திலிருந்து மடைப்பள்ளிக்கு அளந்து கொடுத்த அதே முறையின் இக்கால வடிவம். நூறு பேருக்குச் சாம்பார் வைக்க வேண்டிய வீட்டு விசேடத்துக்கு, பருப்பு எவ்வளவு என்று தொடங்குவதற்கு இதைவிட நம்பகமான எண் அரிது.

அளவு கிடைத்த பிறகும் ‘கப்’ என்ற சிக்கல் இருக்கிறது. அமெரிக்கப் பக்கங்களில் அது ஏறத்தாழ 240 மில்லிலிட்டர், ஆஸ்திரேலியாவில் 250, சப்பானில் 200. தமிழ்க் காணொளியில் பெரும்பாலும் கையில் அகப்பட்ட கிண்ணம். எல்லாப் பொருள்களையும் ஒரே கிண்ணத்தால் அளந்தால் விகிதம் காக்கப்படும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு பொருளைக் கப்பிலும் மற்றொன்றைக் கிராமிலும் சொல்லும் குறிப்பில் அந்த ஆறுதலும் இல்லை. வெல்லத்தை உடைத்துப் போட்டு அளப்பதற்கும் சீவிப் போட்டு அளப்பதற்கும் ஒரு கைப்பிடி வேறுபாடு வந்துவிடும். அதிரசப் பாகைக் கெடுக்க அது போதும். மலைகினியநின்றான் மரக்காலுக்கு இன்றைய ஈடு, சமையலறையில் வைக்கும் சிறிய மின்னணுத் தராசு.

அண்மைக் காலத்தில், நீண்ட பக்கத்தைத் தொடாமலேயே செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டுச் சுருக்கமான குறிப்பைப் பெறும் வழக்கம் பரவி வருகிறது. கதை இல்லை, விளம்பரம் இல்லை; தோற்றத்தில் கல்வெட்டுப் பட்டியலைப் போன்றே அமைந்த விடை. ஆனால் கல்வெட்டின் அடியில் இருந்த கணக்கரின் எழுத்து இங்கே இல்லை. இக்கருவிகள் பல பக்கங்களின் சொற்போக்கைக் கற்று விடை அமைப்பவை. யாரும் சமைத்துப் பார்க்காத அளவையும் அதே உறுதியோடு எழுதக்கூடியவை. 2024 மே மாதத்தில், பீட்சாவில் பாலாடைக்கட்டி நழுவாமலிருக்கச் சாஸில் பசை சேர்க்கலாம் என்று கூகுள் தேடலின் செயற்கை நுண்ணறிவு விடை கூறியதும், அதன் மூலம் பல ஆண்டுகளுக்கு முன் யாரோ இணையத்தில் விளையாட்டாக எழுதிய ஒரு வரி என்று தெரியவந்ததும் உலகெங்கும் செய்தியாயின. பசை என்பதால் அது உடனே பிடிபட்டது. வெல்லம் கால் பங்கு குறைந்திருந்தால் அடுப்பை அணைத்த பிறகே தெரியும்.

இத்தகைய விடையைச் சோதிக்க விகிதக் கணக்கே கைகொடுக்கும். ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ அளவில் வெல்லம் என்பது அதிரசத்துக்கு வீடுகளில் பரவலாகக் கொள்ளப்படும் கணக்கு. அதிலிருந்து வெகுவாக விலகும் குறிப்பு, விலகலுக்குக் காரணம் சொல்ல வேண்டும். திருப்பதி லட்டு என்ற தலைப்பில் வரும் எந்தக் குறிப்பையும், மாவு 180, நெய் 165, சர்க்கரை 400 என்ற திட்டத்தின் அருகில் வைத்துப் பார்க்கலாம். மாவும் சர்க்கரையும் சம அளவு என்று சொல்லும் குறிப்பு, உண்ணத்தக்க பூந்தி லட்டு ஒன்றைத் தரக்கூடும். திருமலைப் போட்டில், அதாவது தேவஸ்தானத்தின் மடைப்பள்ளியில், பிடிக்கப்படும் லட்டு அதுவன்று.